இறுக்கக் கூடாத திருகு

2003ஆம் ஆண்டு ஜூன் 12, வியாழக்கிழமை, காலை பத்து இருபது. மழை நின்றிருந்தது, பெய்து முடித்துவிட்டது என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. மேகம் புகைபோக்கிகளைத் தொடுமளவு தாழ்ந்திருந்தது. காற்று இல்லை. ஒலியை அளப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வானிலை இந்தப் பள்ளத்தாக்கில் வாய்ப்பது அரிது என்று நகராட்சியின் சுகாதார அலுவலர் ஃபிலிப்பா நோல்ஸ் சொன்னார். அன்று காலை அவர் பாராட்டியது வானிலையை மட்டுமே.

அவருடைய ஒலிமானி மாரிஸ் ஹெலிவெல்லின் கொல்லைப்புறத்தில் ஒரு முக்காலியின்மேல் நின்றது. கொல்லைச் சுவருக்கும் எதிரிலிருந்த பழைய மெதடிஸ்ட் ஞாயிறு பள்ளிக்கும் இடையே கல் பாவிய சந்து ஒன்று உண்டு. நிலக்கரி வண்டி ஒன்று சிரமப்பட்டு நுழையும் அகலம். ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகள் வருவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. புத்தாண்டிலிருந்து அங்கே கீத் அட்லியும் ஜனீன் ராம்ஸ்டனும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களைக் கையால் செய்துகொண்டிருந்தார்கள். மறைநூல் படித்த இடத்தில் தொழில் நடத்துவதற்கு நகராட்சியின் அனுமதி வேண்டும் என்பது கீத்துக்கு மார்ச்சில்தான் தெரிந்தது. விண்ணப்பித்தார். விண்ணப்பத்துக்கு ஓர் ஆட்சேபம் வந்தது. அதை எழுதியவரின் கொல்லையில்தான் இப்போது முக்காலி நின்றது.

கீத், ஊரிலிருந்த பழுதுபார்க்கும் கடை ஒன்றில் இருபது ஆண்டுகள் மற்றவர்கள் செய்த ஆம்ப்களைத் திறந்து, மற்றவர்கள் செய்த தவறுகளைத் திருத்தியவர். இனித் தவறே இல்லாமல் ஒன்றைச் செய்துவிடுவது என்று நாற்பத்து நான்காம் வயதில் முடிவெடுத்திருந்தார். உள்ளே பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்தவை போன்ற கண்ணாடி வால்வுகள், ஒவ்வொரு கம்பியும் கையால் வளைத்து ஈயத்தால் பற்றவைக்கப்பட்டது. பற்று சரிதானா என்று பார்க்கச் சீன உணவுக் கடையின் மரக்குச்சியால் ஒவ்வோர் இணைப்பையும் தட்டுவார். தளர்ந்த இணைப்பு ஸ்பீக்கரில் முனகும். பெட்டிகளைச் செய்து கறுப்புத் துணி ஒட்டுவது ஜனீனின் வேலை. அதற்காக அவர் சோபா தொழிற்சாலையில் தமக்கிருந்த நல்ல வேலையை ஈஸ்டரோடு விட்டிருந்தார். ஜனீன், கீத்தின் முன்னாள் மனைவியின் தங்கை. மணமுறிவின்போது வீடு, கார், நாய் எல்லாம் பிரிக்கப்பட்டன. மைத்துனியை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை.

லீட்ஸ் நகரத்துக் கிட்டார் கடை ஒன்று அவர்களுடைய முதல் பெட்டியைத் தன் கண்ணாடிக்குள் வைக்கவும் மேலும் ஆறு வாங்கவும் ஒப்புக்கொண்டிருந்தது. அனுமதியில்லாத இடத்தில் செய்த மின்சாதனத்துக்குக் காப்பீடு கிடைக்காது. காப்பீடில்லாததைக் கடைக்காரர் தொடமாட்டார். ஞாயிறு பள்ளி கைவிட்டுப் போனால் தொழிலும் போகும். இருவருக்கும் இது தெரியும். ஆகவே முந்தைய நாள் மாலை ஜனீன் ஒரு வெள்ளைப் பென்சிலால் ஒலிக் குமிழின் மூன்றாம் எண்ணுக்கு நேரே ஒரு கோடு இழுத்திருந்தார்.

"இந்தக் கோட்டைத் தாண்டினே, கீத், உன்னைக் கொண்டுபோய் என் அக்கா வீட்டு வாசல்லயே விட்டுட்டு வந்திருவேன்" என்று சொல்லியுமிருந்தார்.

சன்னல்களில் பழைய மெத்தைகள் அடைக்கப்பட்டிருந்தன. ஆனால் கேட்டுச் சொல்ல வசதியாக இருக்கும் என்று அலுவலர் பின்கதவைத் திறந்துவைக்கச் சொன்னார். கீத் கிட்டாரை மாட்டிக்கொண்டு, கோட்டைத் தாண்டாமல், ஆறு தந்திகளையும் சேர்த்து ஓர் அடி அடித்தார். ஒலி சந்துக்கு அப்பால் போய்க் கரைந்தது. அலுவலர் ஒலிமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை."

கீத் இன்னொரு தடவை அடித்தார்.

"ரொம்ப நன்றி, மிஸ்டர் அட்லி. இதுல ஒண்ணும் பிரச்சினை இருக்கிற மாதிரி தெரியலை." அலுவலர் பேனாவை மூடினார். அத்துடன் நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. ஆனால் அவர் அடிப்படையில் அன்பானவர். ஏதாவது நல்லதாகச் சொல்ல விரும்பினார். "இனிமையாத்தான் இருக்கு. என் அக்கா பையன்கிட்டயும் ஒண்ணு இருக்கு, கிறிஸ்துமஸுக்குத் தபால் கேட்டலாக்ல மலிவா வாங்கினது. அதுவும் அச்சு அசலா இதே மாதிரிதான் கேக்கும்."

ஜனீன் பின்னர் சொன்னது: கீத்தின் காதுகள் முதலில் சிவந்தன, கை அதற்குப் பிறகுதான் நகர்ந்தது, இடையில் தடுப்பதற்குப் போதிய நேரம் இருந்தது, ஆனால் எந்த மனிதனும் அதைச் செய்வான் என்று தமக்குத் தோன்றவில்லை.

வால்வு ஆம்ப் குறைந்த ஒலியில் உறங்குகிறது, முக்கால் தாண்டினால்தான் பேசத் தொடங்குகிறது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் மறுக்காத செய்தி. கீத் குமிழைக் கடைசி எண்வரை திருப்பினார். பேசட்டும் என்று நினைத்திருக்கலாம். பேசியது. ஹெலிவெல்லின் சமையலறைச் சன்னலில் ஒரு தட்டு அலமாரியை விட்டு இறங்கியது. அந்த நேரத்தில், வழக்கப்படி காலைப் பறப்புக்காக விடப்பட்டிருந்த ஹெலிவெல்லின் நாற்பது பந்தயப் புறாக்கள் கூரைகளுக்கு மேலே ஒரே வட்டமாக வந்துகொண்டிருந்தன. வட்டம் உடைந்தது. நாற்பதும் நாற்பது திசையில் போயின.

ஒலி அடங்கியபின் அலுவலர் பேனாவைத் திறந்து எழுதினார். ஹெலிவெல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டலாக்ல வாங்கினது இப்படிக் கேக்குமா?" என்றார் கீத்.

"கேக்காது" என்றார் அலுவலர்.

தேநீர் குடிக்கும்போது அவர் நிலைமையை விளக்கினார். அவருக்கு அதில் மகிழ்ச்சியில்லை. அளந்த எண்ணைக் கோப்பிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான்.

"மிஸ்டர் ஹெலிவெல்லே எழுத்துல கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கிட்டாருன்னா, நிபந்தனையோட எங்க ஆபீஸ்லயே அனுமதி கொடுத்திடலாம். வாங்கலேன்னா கமிட்டிக்குப் போகும். கமிட்டிக்காரங்களுக்கு கிட்டார் பத்தி ஒண்ணும் தெரியாது. எண் தெரியும். ஜூலை ஏழு, திங்கக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள என் மேசைக்கு வரணும்."

அவர் போனபிறகு ஜனீன் குமிழின் அருகே குனிந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்.

"கோடு நல்லாத்தான் தெரியுது" என்றார். "எங்க அக்கா உன்னை ஏன் விட்டுட்டுப் போனான்னு பத்து வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தேன். சரி. இன்னிக்கு விடை கிடைச்சிருச்சு."

"அந்தம்மா கேட்டலாக்குன்னு சொன்னாங்க, ஜனீன்."

"எனக்கும் காது இருக்கு. எனக்கு இப்ப வேலைதான் இல்ல."

முப்பத்தொன்பது புறாக்கள் மதியத்துக்குள் திரும்பின. ஒன்று திரும்பவும் செய்தது, திரும்பாமலும் இருந்தது. ஹெலிவெல்லின் பறவைகளுள் சிறந்ததான நீலப் பெட்டை, ஞாயிறு பள்ளியின் கூரை முகட்டில் வந்து உட்கார்ந்து, எதிரே தன் கூண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தது, இருட்டும்வரை இறங்கவில்லை. மறுநாளும் அப்படியே. பந்தயப் புறா வளர்ப்பவருக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. பறவை எவ்வளவு வேகமாக வீடு வந்தாலும் கணக்கில்லை. கூண்டுக்குள் நுழைந்து, காலிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டிக்குள் போட்டுத் திருகும் நேரம்தான் கணக்கு. ஓட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் பறவை, சங்கத்தின் விதிப்படி, இன்னும் வந்து சேராத பறவை.

வெள்ளிக்கிழமை மாலை கீத்தும் ஜனீனும் பன்றியிறைச்சி அடைத்துச் சுட்ட பெரிய அப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஹெலிவெல்லைப் பார்க்கப் போனார்கள். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஏறுபவர்கள் உட்காரும்வரை வண்டியை நகர்த்தாதவர் என்று பெயர் வாங்கியவர். அப்பத்தை வாங்கிக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை.

"சனிக்கிழமைகள்ல சத்தமே போடமாட்டேன், மிஸ்டர் ஹெலிவெல்" என்றார் கீத். "எழுதிக் கொடுத்திடறேன்."

"சனிக்கிழமை மழை பெஞ்சா பந்தயம் ஞாயித்துக்கிழமை. அன்னிக்கும் பெஞ்சா திங்கக்கிழமை. நடுவுல பயிற்சிக்கு விடறது வேற. நீ எந்தக் கிழமைதான் தொழில் பண்ணுவே?"

"அப்ப மத்தியானத்துல மட்டும்..."

"தம்பி, நீ சத்தம் போடறது இப்ப என் பிரச்சினை இல்ல. நேத்திலேருந்து நீ மூச்சே விடலை. அப்பவும் அம்மணி இறங்கலை. அங்க பாரு." முகட்டின்மேல் நீலப் பெட்டை இருந்தது. "உன் பின்கதவுக்கு எதிர இறங்கறதுன்னாலே அவளுக்குப் பயம். நீ வாயை மூடிக்கிட்டாலும் போகாது. பயத்தைப் போட்டவன்தான் எடுக்கணும்."

"எப்படி எடுக்கறது?" என்றார் ஜனீன்.

ஹெலிவெல் முதன்முறையாக அவரைப் பார்த்தார். "பசியாலதான், கண்ணு. வேற எதாலயும் பறவை எதையும் கத்துக்காது. மனுசனும்தான்."

அவர் சொன்ன வழி இது. தினமும் மாலை ஐந்து மணிக்கு அவர் தீனி வைப்பார். வைக்கும்போது, வழக்கப்படி, மக்காச்சோளம் போட்ட தகர டப்பாவைக் குலுக்குவார். பறவைகள் குஞ்சிலிருந்தே அந்த ஒலிக்கு இறங்கப் பழகியவை. அதே நேரத்தில் கீத் அதே பெட்டியில் அதே அடியை அடிக்க வேண்டும். முதல் நாள் காதில் விழுந்தும் விழாமலும். அடுத்த நாள் சற்று அதிகம். மூன்று வாரத்தில் முழு ஒலி. ஜூலை ஐந்து, சனிக்கிழமை, தென்கடற்கரையிலிருந்து பெரிய பந்தயம். நீலப் பெட்டை வரும்போது கீத் முழு ஒலியில் அடிக்க வேண்டும்.

"பந்தயத்தன்னிக்கா?" என்றார் கீத்.

"பின்னே? அனுமதி வாங்கினப்புறம் நீ அடிக்கத்தானே போறே? அவ உன் சத்தத்துக்குள்ள புகுந்து உள்ள வந்தாள்னா கையெழுத்துப் போடறேன். ஓட்டுல உக்காந்தாள்னா போடமாட்டேன். அவ்வளவுதான் பேச்சு."

பேருந்து ஓட்டியவர்களுக்கு இயல்பான முறையில் அவர் கதவைச் சாத்தினார்.

அடுத்து வந்த நாள்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐந்து மணி ஆகும், டப்பா குலுங்கும், அடி விழும். முதல் வாரத்தில் பெட்டை முகட்டிலேயே நின்று, மற்றவை தின்பதைப் பார்த்தது. இரண்டாம் வாரத்தில் சந்தின் சுவர்வரை இறங்கியது. குமிழ் ஏழைத் தாண்டிய அன்று, யாரும் எதிர்பாராத வகையில், நேராகக் கூண்டின் இறங்குபலகையில் வந்து அமர்ந்து உள்ளே போயிற்று. அன்றிலிருந்து தவறவில்லை. சந்தின் இரு பக்கமும் தேநீர்க் கோப்பைகளோடு ஆள்கள் நிற்கத் தொடங்கினர்.

"உன் ரசிகர் கூட்டத்துல ஒருத்தியாவது தலையாட்டறாளே" என்றார் ஜனீன்.

"தொனி புரிஞ்சிருக்கு அவளுக்கு" என்றார் கீத். விளையாட்டாகச் சொன்னதாகத் தோன்றவில்லை.

ஆனால் அதே ஏழாம் எண்ணில் கீத்துக்கு ஒரு துன்பமும் தொடங்கியிருந்தது. அந்த அளவைத் தாண்டியதும் முதல் பெட்டி லேசாகச் சலசலத்தது. பின்பலகையின் இடது மேல்மூலைத் திருகு மரத்தில் முழுதாகப் பற்றவில்லை. பலகை அதிர்ந்து சட்டத்தில் உரசியது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. கீத்துக்கு அது மட்டுமே கேட்டது. பிறர் செய்த பெட்டியில் இருந்திருந்தால் கடைக்கு வந்த அன்றே சரிசெய்திருப்பார். தம் பெட்டியில், தம் பெயர் பொறித்த பெட்டியில், ஊரே கேட்க, நாள்தோறும் ஐந்து மணிக்கு அது சலசலத்தது. பத்து நாள்களுக்கு மேல் பொறுத்துக்கொண்டார். ஜூலை நான்கு, வெள்ளிக்கிழமை, தீனி முடிந்து ஜனீன் வீட்டுக்குப் போனபின், பழைய திருகை எடுத்துவிட்டு நீளமான ஒன்றைப் போட்டார். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே கம்பளிப் பட்டை ஒன்றையும் ஒட்டினார். ஒருமுறை மெதுவாக அடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கை கழுவியதை யாரும் அறிவிப்பதில்லை. அவரும் இதை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வெயில் அடித்தது. தென்கடற்கரையில் சங்கத்தின் லாரியில் இரவோடிரவாகக் கொண்டுபோன பறவைகளைக் காலை ஏழு மணிக்கு விட்டுவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. பதினொன்றரைக்கே ஹெலிவெல் கடிகாரப் பெட்டியைக் கொல்லை மேசைமேல் வைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தெற்கே பார்த்து நாற்காலியில் அமர்ந்தார். கீத் திறந்த கதவில் நின்றார். ஜனீன் சுவரோரம் நின்றார். யாரும் பேசக் கூடாது என்பது எழுதப்படாத விதி. பக்கத்து வீட்டுக்காரர் தம் நாயைக்கூட உள்ளே அடைத்திருந்தார்.

பன்னிரண்டு அடித்துச் சற்று நேரத்தில் மலைச்சரிவின்மேல் ஒரு புள்ளி தெரிந்தது. ஹெலிவெல் எழுந்தார். புள்ளிக்கு இறக்கை முளைத்தது. வானத்தில் வேறு பறவை எதுவும் இல்லை.

"அம்மணிதான்" என்றார், குரலே இல்லாமல். கையை உயர்த்தி இறக்கினார்.

கீத் அடித்தார். முழு ஒலி. அவர் கேட்டவற்றுள் மிகச் சுத்தமான ஒலி. ஹெலிவெல் டப்பாவைக் குலுக்கினார். அது அவர் காதுக்கே கேட்டிருக்காது. பெட்டை கூரைக்குமேல் வந்து, இறக்கையை ஒடுக்கி, இறங்குபலகையை நோக்கிச் சாய்ந்து, கடைசி நொடியில் நிமிர்ந்து, ஒரு வட்டம் அடித்து, ஞாயிறு பள்ளியின் முகட்டில் உட்கார்ந்தது.

கீத் மறுபடி அடித்தார். பெட்டை தலையை ஒருபக்கம் சாய்த்தது. இறங்கவில்லை.

"என்னடா பண்ணித் தொலைச்சே?" ஹெலிவெல் சுவருக்கு மேலே எக்கிக் கேட்டார். "இது நேத்துப் போட்ட சத்தம் இல்லையே!"

"அதே சத்தம்தான், மிஸ்டர் ஹெலிவெல். அதே அடி. அதே அளவு."

"டப்பா எங்கே?"

"உங்க கையில இருக்கு."

"என் டப்பா இல்லடா! உன் பெட்டிக்குள்ள ஒரு டப்பா குலுங்குமே, அது எங்கே?"

ஜனீன் கீத்தின் காதுகளைப் பார்த்தார். அவை சிவந்திருந்தன.

"கீத். நீ அதைத் தொட்டியா?"

"ஒரு திருகுதான்."

"எந்தத் திருகு?"

"இடது பக்கம் மேலே. பலகை சலசலன்னுச்சு. அது தப்பு, ஜனீன். அது ஒரு குறை. அதை எடுத்தா ஒலி இன்னும்..."

"அவ அதுக்குத்தான் இறங்கினா!" ஜனீன் ஏற்கெனவே திருப்புளியைக் கையில் எடுத்திருந்தார். "மூணு வாரமா அவ உன் தொனிக்கு இறங்கலை, முட்டாளே. சோள டப்பா குலுங்குதுன்னு இறங்கினா. ஏழு தாண்டினப்புறம்தானே இறங்கினா? பழைய திருகு எங்கே?"

அது கீத்தின் சட்டைப்பையில் இருந்தது. எதையும் எறியும் பழக்கம் அவருக்கில்லை. பெட்டியை முன்னே சாய்த்தார்கள். ஜனீன் புதிய திருகைக் கழற்றினார். கம்பளிப் பட்டை விடவில்லை. கீத் அதை நகத்தால் கிழித்தார். பழைய திருகைப் பழைய துளையில் வைத்து, பிடித்தும் பிடிக்காமலும் நிறுத்தினார். சுவருக்கு அப்பாலிருந்து ஹெலிவெல்லின் மூச்சு கேட்டது. முகட்டின்மேல் நீலப் பெட்டை தன் இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. வந்த வேலை முடிந்துவிட்டது என்ற தோரணை. மலைச்சரிவின் மேற்கே, எங்கள் ஊர் அல்லாத திசையில், இன்னொரு புள்ளி போயிற்று.

கீத் அடித்தார். பெட்டி சலசலத்தது.

பெட்டை கோதுவதை நிறுத்தியது. கேட்டது. பின்பு முகட்டிலிருந்து ஒரே வீச்சாக இறங்கி, பலகையில் கால்வைத்து, உள்ளே நுழைந்தது. ஹெலிவெல் அதைப் பிடித்து, வளையத்தைக் கழற்றி, கடிகாரப் பெட்டிக்குள் போட்டு, சாவியைத் திருகினார். உலோகம் உலோகத்தில் இடிக்கும் ஒலி சந்துவரை வந்தது.

அதன்பின் அவர் பெட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"வந்துட்டாளே, மிஸ்டர் ஹெலிவெல்" என்றார் ஜனீன். "சத்தத்துக்குள்ள வந்தா. நீங்க சொன்ன பேச்சு அதுதானே?"

"வந்தா, கண்ணு. எப்ப வந்தாங்கறதுதான் பேச்சு." கடிகாரப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனார். கீத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தீனி நேரம் தவிர அவர் வெளியே வரவில்லை. ஐந்து மணிக்குத் தீனி வைத்தார், டப்பாவைக் குலுக்கினார், கீத் அடித்தார், பெட்டி சலசலத்தது, பறவைகள் இறங்கின. ஹெலிவெல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு கீத் பெட்டியின் முன் உட்கார்ந்து நெடுநேரம் அந்தத் திருகையே பார்த்தார்.

"இந்தச் சலசலப்பு ஒரே மாதிரி நிக்காது" என்றார் கடைசியில். "மரம் தேயும். அடுத்த மாசம் வேற மாதிரி கேக்கும். ஒரு சின்ன ஸ்பிரிங் வாஷர் போட்டா, அதே அளவு தளர்ச்சி எப்பவும் மாறாம..."

"கையை எடு."

"சரிபண்ணலை, ஜனீன். தப்பைச் சரியா வைக்கிறேன்."

"கையை எடுன்னேன். லீட்ஸ் கடைக்காரனுக்கு ரெண்டாவது பெட்டியைக் கொடு. அது சுத்தமா இருக்கு, உன்னைத் தவிர யாருக்கும் குறை தெரியாது. இது இங்கயேதான் இருக்கும்."

முதல் பெட்டியைக் கடையின் கண்ணாடிக்குள் பார்ப்பதற்காகத்தான் கீத் அந்த வேலையையே தொடங்கினார் என்று சொல்லலாம். ஆனாலும் அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். அதை ஜனீன் எடுத்துத் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து மழை. நகராட்சி அலுவலகம் பேருந்தில் இருபது நிமிடம். பதினொரு மணிவரை ஞாயிறு பள்ளியின் கதவை யாரும் தட்டவில்லை. கீத் மூன்றாம் பெட்டியின் உள்ளே மரக்குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரே இணைப்பைப் பலமுறை தட்டினார். ஜனீன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினொன்று பத்துக்கு ஹெலிவெல் வந்தார். பின்கதவால் அல்ல, வீதியைச் சுற்றிக்கொண்டு முன்கதவால். தலையில் தொப்பி, கழுத்தில் டை.

"ரெண்டாவது" என்றார்.

"யாரு?" என்றார் ஜனீன்.

"அம்மணி. சங்கத்துல ரெண்டாவது இடம். நீங்க ரெண்டு பேரும் பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டிருந்தப்போ, பக்கத்து ஊர் சவர்பிக்காரன் ஒருத்தனோட பறவை மேற்கால போச்சு பாருங்க, அது முதல். அவன் என் தோள்ல கைபோட்டு ஆறுதல் சொன்னான். சவர்பிக்காரன். என் தோள்ல."

"என் தப்புதான், மிஸ்டர் ஹெலிவெல்" என்றார் கீத்.

"அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல." ஹெலிவெல் சுற்றிலும் பார்த்தார். பாடத்துக்கு வந்த சிறுவர்களின் கோட்டு மாட்டும் ஆணிகள் இன்னும் சுவரில் தாழ்வாக இருந்தன. அவற்றில் கம்பிச் சுருள்கள் தொங்கின. "மூணாவது ஆணி என்னோடது" என்றார். பிறகு முதல் பெட்டியிடம் போய், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பின்பலகையின் இடது மேல்மூலையை விரலால் அழுத்தினார். அது லேசாக அசைந்தது. திருப்தியோடு நிமிர்ந்தார்.

"போன வருஷம் இந்தப் பந்தயத்துல அவ ஒம்பதாவது. தனக்கு எங்க தீனி இருக்குன்னு தெரிஞ்சா எவளும் வேகமா வருவா. இந்த டப்பா என் டப்பாவை விட நல்லா கேக்குது, அவ்வளவுதான். நாலு மைலுக்குக் கேக்கும்." மழைக்கோட்டின் உள்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். "ஆட்சேபம் வாபஸ்னு எழுதியிருக்கேன். சும்மா இல்ல. முழுச் சத்தம் தினமும் சாயங்காலம் அஞ்சுலேருந்து அஞ்சரைக்குள்ள மட்டும். பந்தயத்தன்னிக்கு நான் கையைக் காட்டறப்போ. அப்புறம் அந்தத் திருகு. அதை இறுக்கறதோ மாத்தறதோ கூடாது. அதையும் எழுதியிருக்கேன். நகராட்சிக்குப் புரியாது, பரவாயில்ல."

"மரம் தேஞ்சா?" என்றார் கீத்.

"தேஞ்சா என்னைக் கூப்பிடு. நான் வந்து கேக்கறேன்."

கீத் மரக்குச்சியை வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்து, உறைக்காக நீட்டினார். ஹெலிவெல் அதைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உன்கிட்ட இல்ல, தம்பி. உன் கையில கொடுத்தா போற வழியில எதையாவது திருத்திருவே."

உறையை ஜனீனிடம் கொடுத்தார்.